பெர்னாண்டோ என்னும் பெயர்: தோற்றமும் பரவலும்

வத்தளையில் வதியும் எம்போன்ற பழைய மாணவர்க்கு அயலவருட் பலர் பெர்னாண்டோக்களே. ஹெந்தளைத் தெருவிலும், கால்வாயின் இரு கரையிலும், அதற்கப்பால் உஸ்வெட்டகெய்யாவ, பமுணுகம வழியாக நீர்கொழும்பு வரை செல்லும் கரையோரத்திலும் வீட்டுக்கு வீடு இப்பெயரைக் காணலாம். களனியாற்றைக் கடந்து கொட்டாஞ்சேனைக்குச் சென்றால் அங்கும் இதே பெயர். ஆற்றுக்கு இப்பால் இப்பெயருடையார் பெரும்பாலும் சிங்களம் பேசுவர். அப்பால் தமிழ் பேசுவோரும் உளர். ஒரே பெயர் இருமொழியினர்க்கும், கத்தோலிக்கர்க்கும், புரட்டஸ்தாந்தியர்க்கும், பௌத்தர்க்கும் உரியதாயிருப்பது எங்ஙனம் என்று வினவுவார் சிலரே.

தமிழராகிய நமக்குக் குடும்பப் பெயர் என்பதொன்றில்லை. கல்லூரி இடாப்பிலே தந்தையின் பெயர் முன்னிற்க, நம் பெயர் பின்னின்றது. அடுத்த தலைமுறையில் நம் பெயர் முன்னேறும். பாட்டனார் பெயர் மறையும். ஆதலால் நானூறு, ஐந்நூறு ஆண்டுகள் ஒரு பெயரை விடாது சுமந்து வரும் குடும்பங்களைக் காணும்போது, அவரெல்லாம் ஒரே மூதாதையின் வழிவந்தோர் என நாம் எண்ணிவிடுகிறோம். சிலர் இன்னும் ஒருபடி மேற்சென்று, அம்மூதாதை ஒரு போர்த்துக்கேயன் என்றே முடிவுகட்டி விடுகின்றனர். இரண்டும் பொருந்தா.

பெயரின் வேர் போர்த்துக்கேய மண்ணிலும் அன்று. ஐபீரியத் தீபகற்பத்தை 8ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஆண்ட விசிகோத்தர் என்னும் யேர்மானிய இனத்தாரின் மொழியினின்று பிறந்தது அது. இரு சொற்களின் கூட்டு. முற்பாதிக்குப் பயணம் என்று சிலரும் சமாதானம் என்று சிலரும் பொருள் கொள்வர். பிற்பாதி துணிவைக் குறிப்பது. அங்கே அது முதலில் ஒருவனுக்கு இடும் பெயரேயன்றிக் குடும்பப் பெயரன்று. கொச்சிக்கடைத் தேவாலயத்தில் செவ்வாய்தோறும் சைவரும் பௌத்தருங்கூடச் சென்று மெழுகுதிரி ஏற்றி வணங்கும் புனித அந்தோனியார், 1195இல் லிஸ்பன் நகரிற் பிறந்தபோது பெற்ற பெயர் பெர்னாண்டோவே. 1220இல் பிரான்சிஸ்கன் சபையிற் சேர்ந்தபோதுதான் அந்தோனி என்னும் பெயரைப் பூண்டார். கொச்சிக்கடைக்குச் செல்லும் பெர்னாண்டோக்களுள் எத்தனை பேர் இதனை அறிவர்?

பெர்னாண்டோவின் மகன் பெர்னாண்டஸ். ரொட்ரிகோவின் மகன் ரொட்ரிகஸ் ஆவதும் அம்முறையே. கோவாவிலும் மங்களூரிலும் வழங்குவது இம்மகன்வழிப் பெயர். மங்களூரிற் பிறந்து இந்திய மத்திய அமைச்சராயிருந்த ஜோர்ஜ் பெர்னாண்டஸை (1930–2019) நினைவுகூர்க. இலங்கையிலோ விகுதியற்ற பெர்னாண்டோவே மிகுதி. ஞானஸ்நானத்தின்போது ஒருவனுக்கு இட்ட பெயரே பின்னர் பிள்ளைகளுக்கும் பெயரர்க்கும் குடும்பப் பெயராய் உறைந்துவிட்டமை இதற்குக் காரணமாகலாம் என்று எமக்குத் தோன்றுகிறது.

அஃது உறையத் தொடங்கிய இடம் முத்துக்குளித்துறை. தூத்துக்குடியைச் சூழ்ந்த அக்கரையின் பரதவர், முத்துச் சலாபத்தின் பொருட்டு எழுந்த பூசலில் நலிவுற்று, கொச்சியிலிருந்த போர்த்துக்கேயரிடம் தூது போயினர். காப்பு வேண்டினர், கிடைத்தது. 1535 முதல் 1537 வரையில் ஏறத்தாழ 20,000 பேர் ஞானஸ்நானம் பெற்றனர் என்பர். புனித சவேரியார் அக்கரைக்கு வந்ததே 1542இல்தான். ஞானத் தந்தையாக நின்ற போர்த்துக்கேயரின் பெயரையே புதியவர்க்கு இட்டனர் என்பது பொதுவாகக் கூறப்படும் விளக்கம். பர்னாந்து, மச்சாது, கொரேரா, ரொட்ரிகோ, வாஸ் என இன்றும் அக்கரையில் வழங்கும் பெயர்கள் அவ்வாறு வந்தவையே. தூத்துக்குடி நகரசபைத் தலைவராயிருந்து தாமிரபரணி நீரை வல்லநாட்டினின்று நகருக்குக் கொணர்ந்த இராவ்பகதூர் குரூஸ் பர்னாந்து (1869–1930) அம்மரபினர். வணிகத்தின் பொருட்டுத் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு வந்து கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் நிலைகொண்ட பரதர் குடும்பங்கள் இப்பெயரைத் தம்முடன் கொணர்ந்தன.

இலங்கைக் கரையிலோ பெயர் அதற்கு முன்னரே வேரூன்றிவிட்டது. கோட்டை மன்னன் தர்மபாலன் 1557இல் ஞானஸ்நானம் பெற்றபின், நீர்கொழும்பு முதல் மொறட்டுவை, பாணந்துறை வரையுள்ள கரையோர மக்கள் பலர் பெரேரா, சில்வா, பெர்னாண்டோ ஆயினர். ஆயின் அவர் தம் பழைய குலப்பெயரைக் கைவிடவில்லை. வர்ணகுலசூரிய, குருகுலசூரிய என்பன போன்ற பெயர்கள் முன்னே நிற்க, பெர்னாண்டோ கடைசியில் வந்து அமர்ந்தது. நாளடைவில் முன்னவை முதலெழுத்துகளாய்ச் சுருங்கின. ஒருவரது வம்சத்தை அறிய விரும்புவோர் பெர்னாண்டோவை விடுத்து அம்முதலெழுத்துகளை விரித்துப் படித்தல் வேண்டும். அவ்வாறு விரித்தால் நமக்கும் ஒரு செய்தி உண்டு. ‘முக்கர ஹட்டன’ என்னும் சிங்கள ஓலைச்சுவடி, கரையோரக் குலத்தார் சிலரின் முன்னோர் காஞ்சி, காவேரிப்பட்டினம், கீழக்கரை ஆகிய ஊர்களிலிருந்து படைவீரராய் வந்தனர் என்று கூறுகிறது. சுவடியிற் கூறப்படுவன யாவும் வரலாறாகா எனினும், நீர்கொழும்புக்கும் சிலாபத்துக்கும் இடையிலுள்ள ஊர்கள் பலவற்றில் பாட்டிமார் தமிழிற் செபஞ் சொல்ல, பெயரர் சிங்களத்திற் கற்றமை அண்மைக் காலத்து நிகழ்ச்சி. மொழி மாறிற்று; பெயர் மாறவில்லை.

ஒல்லாந்தர் 1656இல் கொழும்பைக் கைப்பற்றினர். கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்த அவரே அப்பெயர்களைக் காப்பாற்றியும் தந்தனர் என்பது விந்தை. காணிக்கும் ஆட்களுக்கும் அவர் வகுத்த தோம்புகளிலும், பாடசாலைத் தோம்புகளிலும் பெயர் பதிந்தாலன்றி மணமும் முதுசமும் செல்லுபடியாகா. நாவிலே நெகிழ்ந்து திரிந்த பெயர் ஏட்டிலே ஏறி இறுகியது. பிலிப்பைன் தீவுகளில் இவ்வாறு நேரவில்லை. அங்கே 1849இல் ஸ்பானிய ஆளுநர் கிளவேரியா குடும்பப் பெயர்களின் பட்டியல் ஒன்றை அச்சிட்டு ஊரூராகப் பங்கிட்டளித்தார். நம் நாட்டில் எந்த ஆட்சியும் அத்தகைய பட்டியல் வெளியிட்டதில்லை.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பௌத்த மறுமலர்ச்சி எழுந்தபோது அந்நியப் பெயர்களைத் துறந்தோர் உளர். டொன் டேவிட் ஹேவாவிதாரண அநகாரிக தர்மபாலர் ஆனார். எனினும் பெர்னாண்டோக்களுட் பெரும்பாலோர் அசையவில்லை. பிரதம நீதியரசர் எச். என். ஜீ. பெர்னாண்டோ (பதவிக்காலம் 1966–1973), பாடகர் சி. டி. பெர்னாண்டோ (1921–1977), நீர்கொழும்புக்கு அண்மையிலுள்ள பல்லன்சேனையிற் பிறந்து தில்மா தேயிலையை உலகறியச் செய்த மெரில் ஜே. பெர்னாண்டோ (1930–2023) ஆகியோரைச் சுட்டினாற் போதும்.

எழுத்திலும் இப்பெயர் ஓரிடத்தில் நில்லாது. சிங்களத்தில் அது ‘ப்ரனாந்து’, தூத்துக்குடியில் ‘பர்னாந்து’, கொழும்புத் தமிழில் ‘பெர்னாண்டோ’. இவை எல்லாவற்றினும் எம்மைக் கவர்வது ‘பெர்னாண்டோபுள்ளே’. இறுதியிலுள்ள ‘புள்ளே’ வேறன்று, நமது ‘பிள்ளை’யே. கோத்தர் மொழியும் தமிழும் ஒரு பெயரிற் கைகோத்து நிற்பதை வேறெங்கே காண்போம்!

இஃது வெறும் சொல்லாராய்ச்சியாக எமக்குப் படவில்லை. 1958இலும் 1983 யூலையிலும் இக்கொழும்பில் பெயரைக் கேட்டே மனிதரை இனம்பிரித்தனர். பெர்னாண்டோ என்று விடை வந்தவிடத்துப் பெயர் ஒன்றும் சொல்லாது நின்றது. அத்தகைய வேளைகளில் நாவைச் சோதித்தனர். ‘பால்திய’ எனும் சொல்லை உச்சரிக்கச் செய்தனர் என்று அந்நாட்களைக் கண்டோர் பலர் கூறுவர். சிங்களத்தில் வாளியைக் குறிக்கும் சொல் அது. தமிழ் நாவுக்கு முதலெழுத்து எளிதில் வாராது என்பது கணக்கு. அச்சொல்லோ போர்த்துக்கேய மொழியின் ‘பால்தே’. சோதிக்கப்பட்டவன் பெயரும், அவன் உயிரை எடைபோட்ட சொல்லும் ஒரே கப்பலில் வந்தவை. நம் வீட்டு மேசையும் சாவியும் ஜன்னலும் அக்கப்பலிலேயே வந்தன.

அண்மைக் காலத்தில் வென்னப்புவைப் பகுதியிலிருந்து பல்லாயிரவர் தொழில் தேடி இத்தாலிக்குச் சென்றனர். அவ்வூரைச் ‘சின்ன இத்தாலி’ என்றே அழைப்பர். சென்றோருட் பெர்னாண்டோக்கள் மிகப் பலர். இத்தாலியர்க்குத் தம் நாட்டு வழக்கில் ‘பெர்தினாந்தோ’ என்பது குழந்தைக்கு இடும் பெயர். அதன் உறவுப் பெயர் வர்ணகுலசூரிய என்பதன் பின்னே குடும்பப் பெயராய் நிற்பதைக் கண்டு அங்குள்ள எழுதுவினைஞர், எது குடும்பப் பெயர் எது ஆளின் பெயர் என்று மயங்குவாராயின், அதில் வியப்பில்லை.