மணல் போன வழி

புதுச்சேரியில் 1990-க்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்கு, நெடுங்காலம் கடற்கரை என்பது கருங்கற்குவியலாகவே இருந்தது. காந்தி சிலையின் கிழக்கே மணல் விரிந்து கிடந்ததைப் பெரியவர் சொல்லக் கேட்டிருப்பர், கண்டிருக்க மாட்டார்கள். அந்த மணல் எங்கே போயிற்று என்னும் வினா, சூழல் அறிவியலின் அடிப்படைகள் அனைத்தையும் தனக்குள் அடக்கியது. பாடநூல்கள் இதற்குக் காட்டையும் குளத்தையும் எடுத்துக்காட்டும். புதுவையார்க்கு அவ்வளவு தொலைவு போக வேண்டிய தேவையில்லை.

கரையில் நாம் காணும் மணல் அங்கேயே கிடப்பதாகத் தோன்றும். உண்மையில் அது வழிப்போக்கன். அலை கரையைச் சாய்வாக வந்து தாக்குகிறது. மணலைச் சாய்வாகவே மேலேற்றுகிறது. திரும்பும் நீரோ சரிவின் போக்கில் நேராக இறங்குகிறது. ஒவ்வோர் அலையிலும் ஒரு மணி மணல் சிறிது பக்கவாட்டில் நகர்ந்துவிடும். தென்மேற்குப் பருவக்காற்றுத் திங்கள்களில் இந்த நகர்வு வடக்கு நோக்கியது. வடகிழக்குப் பருவத்தில் தெற்கு நோக்கியது. முன்னது நீண்ட காலம் நிலவுவதால், ஆண்டு முழுவதையும் கூட்டிக் கழித்தால் சோழமண்டலக் கரையின் மணல் வடக்கே செல்வதாக முடிகிறது. அதன் அளவு ஆண்டுக்குப் பல நூறாயிரம் கன மீட்டர். தெற்கிலிருந்து வருவதும் வடக்கே போவதும் ஒத்திருக்கும் வரை கரை நிலைத்திருக்கும். இதை மணற்கணக்கு என்பர்.

1980-களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகம் எழுந்தது. ஆற்றுவாயின் இருபுறமும் கடலுக்குள் நீண்ட இரு அலைதடுப்புச் சுவர்கள் 1989-அளவில் நிறைவுற்றன. அதன்பின் சில ஆண்டுகளிலேயே நகரின் முன்னிருந்த மணல் தேயத் தொடங்கியது.

ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்தமையால் முன்னதே பின்னதற்குக் காரணம் என்று முடிவு கட்டுவது அறிவியல் ஆகாது. கரையரிப்புக்கு வேறு விளக்கங்களும் உண்டு. அவை ஒவ்வொன்றும் மெய்யாயின் கரையில் எதைக் காண வேண்டும் என்று முதலில் வரையறுத்துக்கொள்ள வேண்டும். பின்னரே கரையைப் பார்க்க வேண்டும். கருதுகோளைச் சோதிப்பது என்பது இதுதான்.

கடல்மட்டம் உயர்வதால் கரை தேய்கிறது என்று கொள்வோம். அப்படியாயின் துறைமுகத்தின் தெற்கும் வடக்கும் ஒருசேரத் தேய வேண்டும். ஆனால் தெற்குச் சுவரை ஒட்டி, வீராம்பட்டினப் பக்கம், மணல் சேர்ந்து கரை கடலை நோக்கி வளர்ந்தது. ஆறுகளில் அணைகள் எழுந்து மணல் வரத்துக் குறைந்தது என்று கொள்வோம். தென்பெண்ணை கடலூர் அருகே, அதாவது புதுவைக்குத் தெற்கே, கடலில் கலக்கிறது; மணல் குறைந்திருந்தால் அந்தக் குறை தெற்கில்தான் முதலில் தெரிய வேண்டும். 2004-இன் ஆழிப்பேரலையையும் 2011 திசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயலையும் சொல்வோர் உண்டு. அவை இழப்பைப் பெருக்கியிருக்கலாம். எனினும் அவற்றுக்குப் பல்லாண்டு முன்னரே கரைக்குக் கல் கொட்டத் தொடங்கியாயிற்று. எஞ்சுவது துறைமுகச் சுவர். அது மணலை மறிக்குமாயின் தெற்கில் சேர்க்கையும் வடக்கில் அரிப்பும் ஒருங்கே தோன்ற வேண்டும். தோன்றின. கடல்மட்ட உயர்வும் ஆற்று மணலின் குறைவும் பொய் என்று இதனால் ஆகிவிடாது. நீண்ட காலப்போக்கில் அவையும் தம் பங்கை ஆற்றும். இத்துணை விரைவான, ஒருபக்கச் சாய்வான இழப்பை அவற்றால் விளக்க முடியாது என்பதே முடிவு.

வேதியியலார் ஒரே சோதனையைப் பத்துக் குடுவையில் செய்து பார்ப்பர். சூழல் ஆய்வாளர்க்கு அந்த வாய்ப்பு அரிது. இயற்கை ஒரு முறைதான் நிகழும் என்பதன் துயரத்தை இந்நகரிலேயே ஒருவர் உணர்ந்திருக்கிறார். பிரெஞ்சு வானியலார் லெ ழான்தீல், வெள்ளிக்கோள் கதிரவனைக் கடப்பதைக் காண 1760-இல் புறப்பட்டார். 1761-இல் நகர் ஆங்கிலேயர் கைப்பட்டதால் கரையிறங்க முடியாமல், நடுக்கடலில் ஆடும் கப்பலில் நின்று பார்த்தார், அளவெடுக்க இயலவில்லை. அடுத்த கடப்புக்காகக் கீழ்த்திசையிலேயே காத்திருந்து, புதுச்சேரியில் கருவிகளை நிறுவினார். 1769 சூன் மாதத்தில் அந்த வேளை வந்தபோது முகில் மறைத்தது. அதற்கடுத்த கடப்பு 1874-இல்.

கரையைப் பொறுத்தவரை நமக்கு அத்தகைய வறுமை இல்லை. இதே கடலில், இதே மணலோட்டத்தின் குறுக்கே, சென்னைத் துறைமுகப் பணி 1870-களில் தொடங்கிற்று. அதன் தெற்கே மணல் சேர்ந்து இன்றைய மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் பக்கம் கடல் நிலத்தைத் தின்றது. அங்கேயும் கல்லைக் கொட்டித்தான் கரையைக் காத்தனர். புதுவைத் துறைமுகம் எழுவதற்கு நூறாண்டு முன்னரே விடை கரையில் எழுதப்பட்டிருந்தது. பொறியாளர்கள் அதை அறியாதவரும் அல்லர். தெற்கில் தேங்கும் மணலை அள்ளி வடக்கே செலுத்தும் ஏற்பாடு திட்டத்திலேயே இருந்தது. அது தொடர்ந்து இயக்கப்படவில்லை. இங்கே குறை அறிவினுடையது அன்று, பராமரிப்பினுடையது என்பது என் கருத்து.

புதுவையில் கல் கொட்டியதால் கடற்கரைச் சாலை பிழைத்தது, கரை பிழைக்கவில்லை. மணற்சரிவு அலையின் விசையைச் சிறிது சிறிதாக உறிஞ்சிவிடும். கற்சுவர் அதை அப்படியே திருப்பி அடிக்கும்; திரும்பும் நீர் சுவரின் அடியைத் தோண்டும். மணல் இல்லாத கரையில் பங்குனி ஆமை முட்டையிட இடமில்லை. மீனவர்க்குப் படகேற்றவும் கரைவலை இழுக்கவும் இடமில்லை. நிலத்தடி நன்னீருக்கும் கடலுக்கும் நடுவே இருந்த காப்பும் மெலிகிறது. ஒன்றைத் தொட்டால் ஒன்பது அசையும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ?

2018-இல் சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே, கடலுக்கடியில் ஆப்பு வடிவில் ஓர் எஃகுத் திட்டை அமைத்தது. அலை அதன்மேல் உடைந்து வலுவிழக்கும். பின்புறம் மணல் படியும் என்பது கருத்து. மணல் படிந்தது, மக்கள் மீண்டும் கால் நனைத்தனர். ஆயினும் ஆய்வாளர் கண்ணோடு பார்த்தால் ஓர் ஐயம் எழும். துறைமுக வாயில் தூர்வாரிய மணலையும் அதே திட்டத்தில் கரையில் இட்டனர். இரண்டு மாற்றங்கள் ஒருசேர நிகழ்ந்தபோது, வந்த பயனில் திட்டின் பங்கு எவ்வளவு, இட்ட மணலின் பங்கு எவ்வளவு? மணல் இடுவதை நிறுத்திய ஆண்டுகளிலும் கரையின் குறுக்குவெட்டைத் திங்கள்தோறும் அளந்துவந்தால்தான் இதைப் பிரித்தறிய முடியும்.

இதற்கிடையே அரிப்பு வடக்கே நடந்து, மாநில எல்லையைக் கடந்து, தந்திராயன்குப்பம் முதல் பொம்மையார்பாளையம் வரை விழுப்புரம் மாவட்டக் குப்பங்களை எட்டிவிட்டது. அங்கே தமிழ்நாட்டு அரசு, கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கற்சுவர்களான தூண்டில் வளைவுகளைக் கட்டுகிறது. ஒவ்வொரு வளைவின் தெற்கிலும் சிறிது மணல் சேர்கிறது. வடக்கிலுள்ள குப்பம் தனக்கும் ஒரு வளைவு வேண்டும் என்று கேட்கிறது.