உங்களுக்குத் தெரியுமா? வண்டலூரில் தொடங்கும் ஒரு நாள்

வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவின் வயது 170-ஐத் தொடுகிறது! 1855-இல் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் எட்வர்ட் பால்ஃபர் தொடங்கிய விலங்குக்காட்சிதான் அதன் மூலம். பிறகு சென்ட்ரல் ரயில் நிலையம் அருகே இருந்தது. அங்கே கம்பிக்கூண்டுகளில் நெருங்கிக் கிடந்த விலங்குகளுக்கு, 1985-இல்தான் வண்டலூர் காட்டில் சுமார் 600 ஹெக்டேர் இடம் கிடைத்தது. செவ்வாய்க்கிழமை விடுமுறை, வெயில் ஏறுமுன் போய்விடுங்கள்.

மதியம் கேளம்பாக்கம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வந்தால் வடநெம்மேலி முதலைப் பண்ணை. அருகிவந்த இந்திய முதலைகளைக் காக்க ரோமுலஸ் விட்டேக்கர் 1976-இல் அமைத்தது. முதலைகளைப் பார்த்ததும் கிளம்பிவிடாதீர்கள். இதே வளாகத்தில்தான் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. பாம்புத்தோல் வியாபாரம் தடையானபின் பிழைப்பிழந்த இருளர் பழங்குடியினர் 1978-இல் தொடங்கிய சங்கம் இது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, நஞ்சை எடுத்துவிட்டு மீண்டும் காட்டில் விடுகிறார்கள். அந்த நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைகளுக்குச் செலுத்தி, அவற்றின் ரத்தத்திலிருந்து பாம்புக்கடி மருந்து தயாராகிறது. நாட்டில் எத்தனையோ உயிர்கள் பிழைப்பது இவர்கள் கைத்திறனால்தான். இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023-இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். என்னைக் கேட்டால், இந்தப் பயணத்தின் தலையாய இடம் இதுவே.

தெற்கே சாளுவன்குப்பம் புலிக்குகை, அடுத்து மாமல்லபுரம். கடற்கரைக் கோயிலுக்கு மாலை வெயில் நல்லது.