இயற்கைப் பூச்சிக்கொல்லி என்றால் பாதுகாப்பானதா?

மாணவர்களே, 'ஆயர் சூசு டிபாலாஸ் ஆயர் தூபா' என்ற மலாய்ப் பழமொழியைப் படித்திருப்பீர்கள். பால் கொடுத்தவருக்கு நஞ்சைத் திருப்பித் தருவது என்று பொருள். அந்தத் தூபா ஒரு கொடி. அதன் வேரை இடித்து ஆற்றில் கலந்து மீன் பிடிப்பது இங்குள்ள பழைய வழக்கம்.

வேரில் உள்ள ரோட்டெனோன், உயிரணுவின் மைட்டோகாண்ட்ரியாவில் ஆற்றல் உற்பத்தியைத் தடுக்கிறது. மீனும் பூச்சியும் அதனால்தான் மடிகின்றன. நம் உயிரணுக்களிலும் மைட்டோகாண்ட்ரியா உண்டு அல்லவா?

தாவரத்திலிருந்து கிடைப்பதால் ரோட்டெனோன் நெடுங்காலம் இயற்கை வேளாண்மையில் பயன்பட்டது. 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில், அதை இரத்தத்தில் தொடர்ந்து செலுத்திய எலிகளிடம் பார்க்கின்சன் நோய் போன்ற அறிகுறிகள் தென்பட்டன. காய்கறியில் ஒட்டும் அளவு அதைவிட மிகக் குறைவு. ஆனாலும் பின்னர்ப் பல நாடுகள் அதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தின.

வெயிலும் காற்றும் பட்டால் ரோட்டெனோன் சில நாள்களில் சிதைந்துவிடும். மருந்து அடித்த அன்றே கீரையைப் பறித்தால் எச்சம் அப்படியே தட்டுக்கு வரும்.

ஆகவே, வீட்டுத் தோட்டத்தில் எந்த மருந்தை அடித்தாலும் 'இயற்கை' என்ற சொல்லோடு நின்றுவிடாதீர்கள். எவ்வளவு கலக்க வேண்டும், பறிக்க எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று லேபிளில் படியுங்கள். பறித்ததை ஓடும் நீரில் நன்கு கழுவுங்கள்.