தானியப் பயிர்களுக்கு விதைப்புக் கருவிகள்: ஓர் ஒப்புநோக்கு

மானாவாரி நிலத்தில் தானியம் பயிரிடுவோர் ஆண்டு முழுவதும் செய்யும் வேலைகளுள், விதைப்பு ஒன்றே தவறினால் எளிதில் திருத்த இயலாதது. உழவு குறைந்தால் மறுசால் ஓட்டலாம். களை மிகுந்தால் மீண்டும் களை எடுக்கலாம். விதைப்பு மழை பெய்தபின் நிலத்தில் பதம் நிற்பதோ சில நாட்களே. அந்நாட்களுக்குள் விதை தக்க ஆழத்தில் விழுந்து மூடப்படாவிடில், அடுத்த மழை வருமுன் பட்டம் கடந்துவிடக்கூடும். விதையும் கூலியும் நஷ்டமாவதுடன் அவ்வாண்டின் மகசூலும் குன்றும். ஆகையால், எக்கருவியைக்கொண்டு விதைப்பது என்பது ஒவ்வொரு நிலச் சொந்தக்காரரும் பருவத்திற்கு முன்னரே ஆராய்ந்து முடிவு செய்யவேண்டிய விஷயமாகும். நமது மாநிலத்தில் கையாளப்படும் விதைப்பு முறைகளின் அனுகூல பிரதிகூலங்கள் கீழே விவரிக்கப்படுகின்றன.

கருவியை மதிப்பிடும் விதம்

மானாவாரிச் சோளத்திற்கு ஏக்கருக்கு 6 கிலோ விதை சிபார்சு செய்யப்படுகின்றது. ஆயிரம் சோள மணிகள் சுமார் 30 கிராம் நிறுக்கும். எனவே 6 கிலோவில் ஏறக்குறைய 2 லட்சம் மணிகள் உள்ளன. வரிசைக்கு வரிசை 45 சென்டிமீட்டரும் செடிக்குச் செடி 15 சென்டிமீட்டரும் இடைவெளி விட்டால், ஓர் ஏக்கரில் நிற்கவேண்டிய செடிகள் சுமார் 60,000 மட்டுமே. அதாவது ஒரு செடிக்கு மூன்று விதைகளுக்கு மேல் இடுகின்றோம். அவ்வாறிருந்தும் வயலில் பயிர் திட்டுத்திட்டாய் நிற்பது ஏன்? விதை போதாமையால் அன்று. விதை விழுந்த இடம் சரியில்லாமையாலேயே ஆகும். மேலாக விழுந்தவை எறும்புக்கும் பறவைக்கும் இரையாகின்றன, அல்லது முளைத்து வேர் இறங்குமுன் காய்ந்து போகின்றன. மிக ஆழ்ந்து விழுந்தவற்றின் முளை மண்ணைத் துளைத்து வெளிவர மாட்டாமல் அழுகுகின்றது. கலக்க விதைத்தால் களஞ்சியம் நிறையும், அடர விதைத்தால் போர் உயரும் என்னும் பழமொழியும் விதையின் மிகுதியை நம்பவேண்டாம் என்றே எச்சரிக்கின்றது.

ஆதலின் ஒரு விதைப்புக் கருவியை, அதன் விலையையோ வேகத்தையோ கொண்டு முதலில் மதிப்பிடலாகாது. விதையை ஒரே ஆழத்தில் இடுகின்றதா, அவ்விடத்தில் ஈரம் உள்ளதா, இட்ட விதையை மண்ணால் மூடி அமர்த்துகின்றதா, வரிசை இடையுழவுக்கு ஏற்றவாறு நேராக அமைகின்றதா என்ற நான்கையுமே முதலில் பார்த்தல் வேண்டும். கம்பு, சாமை, தினை, கேழ்வரகு போன்ற பொடி விதைகளுக்கு 2 முதல் 3 சென்டிமீட்டரும், சோளத்திற்கு 3 முதல் 5 சென்டிமீட்டரும் தகுந்த ஆழமாகும்.

கைவிதைப்பு

விதையைக் கையால் வீசி, லேசான உழவினாலோ முள் இழுத்தோ மூடுவது மிகப் பழைய முறை. இதற்குத் தனிக்கருவி வேண்டுவதில்லை. கைப்பழக்கமுள்ள ஒருவர் ஒரே நாளில் பல ஏக்கர் வீசிவிடலாம். பதம் ஓரிரு நாளே நிற்கும் இலேசான செவ்வல் நிலங்களில் இவ்விரைவு ஒரு நன்மையே. ஆயினும் மேற்சொன்ன நான்கு குணங்களில் ஒன்றும் இதில் திடமாய் அமைவதில்லை. விதைச் செலவு அதிகம். பயிர் வரிசையின்றி நிற்பதால் களையெடுப்பு முற்றிலும் ஆள் கூலியைச் சார்ந்தது. விதைப்பில் மிச்சமாகும் கூலி, களையெடுப்பில் அதற்கு மேலாகச் செலவாகிவிடும்.

கலப்பையின் பின் சாலில் விதைத்தல்

நாட்டுக் கலப்பை செல்ல, அதன்பின் ஒருவர் நடந்து சாலில் விதையைக் கையாலோ, கலப்பையோடு கட்டிய மூங்கில் குழாய் வழியாகவோ இடுவது இரண்டாவது முறை. அடுத்த சால் ஓட்டும்போது முந்திய சால் மூடப்படுகின்றது. விதை ஈர மண்ணில் விழுவதால் முளைப்பு நன்றாயிருக்கும். கையால் போடுவதைவிடக் குழாய் வழியாக இடுவது சிறந்தது. சாலின் அடியிலேயே விதை தங்கும்.

இதன் குறை, பிடிக்கும் காலமே. 45 சென்டிமீட்டர் இடைவெளியில் ஓர் ஏக்கரை ஒற்றைச் சாலாக விதைக்க எருதுகள் 9 கிலோமீட்டர் நடக்கவேண்டும். வரிசைகளுக்கிடையே விதையில்லாச் சால் ஒன்றும் ஓட்டினால் 18 கிலோமீட்டர் ஆகும். ஓரிரண்டு ஏக்கர் உடையவர்க்கு இது தடையன்று. பத்து ஏக்கர் உடையவர் இம்முறையை நம்பினால், கடைசி ஏக்கரை விதைக்கும்போது நிலத்தில் ஈரம் இராது.

கொர்ரு

இக்குறையைத் தீர்க்கவே நம் முன்னோர் பல கால்களுள்ள விதைக் கருவியை அமைத்தனர். ராயலசீமையில் கொர்ரு என்றும், கன்னட நாட்டில் கூரிகை என்றும் இது வழங்கும். ஒரு குறுக்கு மரத்தில் மூன்று முதல் ஆறு கால்கள் செருகி, ஒவ்வொன்றிலும் துளையிட்டு மூங்கில் குழாய் பொருத்தி, குழாய்களின் மேல் நுனிகளை ஒரே மரக்கிண்ணத்தில் சேர்த்திருப்பர். ஓர் ஆள் எருதுகளை ஓட்ட, மற்றொருவர் கிண்ணத்தில் விதையைச் சீராக விட்டுக்கொண்டே நடப்பார். இங்கிலாந்தில் ஜெத்ரோ டல் என்பவர் 1701-ஆம் ஆண்டில் விதைக்கும் இயந்திரம் அமைத்ததைப் பலரும் அறிவர். தென்னிந்தியரின் வரிசை விதைப்பைப் பற்றி ஹால்காட் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி 1795-ஆம் ஆண்டிலேயே எழுதியுள்ளார் என்பதையும் இங்கு குறிப்பிடுதல் தகும்.

நான்கு கால்களுள்ள கருவியால் 45 சென்டிமீட்டர் இடைவெளியில் விதைத்தால், ஏக்கருக்கு எருதுகள் நடக்கும் தூரம் 9 கிலோமீட்டரிலிருந்து இரண்டேகால் கிலோமீட்டராகக் குறைகின்றது. ஒரு காலின் குழாயை அடைத்துவிட்டு, அந்தச் சாலில் துவரையோ அவரையோ தனிக் குழாயால் இட்டு ஊடுபயிரும் செய்துகொள்ளலாம். கிராமத்துத் தச்சரும் கொல்லருமே இதைச் செய்யவும் பழுது பார்க்கவும் கூடும். விதை விழும் அளவு கைத்திறத்தைப் பொறுத்ததே இதன் முக்கியக் குறை. கை தளர்ந்தால் ஒரு குழாயில் அடர்த்தியும் மற்றொன்றில் வெறுமையும் உண்டாகும். பொடி விதைகளோடு சலித்த மணலைக் கலந்து இட்டால் இவ்வேறுபாடு குறையும்.

இயந்திர விதைப்பான்

விதைப்பெட்டியும் தரைச்சக்கரமும் உள்ள விதைப்பானில், சக்கரம் உருளும்போது பெட்டியின் அடியிலுள்ள உருளையோ தட்டோ சுழன்று அளவாக விதையைக் குழாய்களில் தள்ளுகின்றது. இதில் எருது பூட்டுவனவும் டிராக்டரில் இணைப்பனவும் உண்டு. வரிப்பள்ளமுள்ள உருளை, நெருக்கமாக விழவேண்டிய தானியங்களுக்கு ஏற்றது. குழிகளுள்ள சாய்வுத் தட்டு, மக்காச்சோளம் போன்ற பருமணிகளை ஒவ்வொன்றாக எடுத்து இடும். பயிருக்குத் தக்க தட்டை மாற்றிக்கொள்ள வேண்டும். உரப்பெட்டியும் உள்ளவற்றில், உரம் விதையைத் தொடாமல் சற்று விலகியும் கீழாகவும் விழும்படி கொழுவைத் திருத்திக்கொள்வது அவசியம்; உரம் விதையோடு சேர்ந்து விழுந்தால் முளை கருகும்.

டிராக்டர் விதைப்பானின் பெரிய நன்மை, பதம் உள்ள நாட்களுக்குள் அதிக நிலத்தை முடித்துவிடுவதாகும். கோவில்பட்டி முதலிய கரிசல் பகுதிகளில், மழைக்கு முன்னரே காய்ந்த மண்ணில் சோளம் விதைக்கும் வழக்கம் உண்டு. விதை 5 சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால், சிறு தூறலுக்கு முளைத்துக் கருகாமல், போதிய மழை பெய்த பின்னரே முளைக்கும். வயல் முழுவதும் அவ்வாழம் மாறாமல் அமைய இயந்திர விதைப்பானே தகுந்தது.

ஆயினும் கட்டி உடையாத நிலத்தில் எவ்வளவு விலையுயர்ந்த விதைப்பானும் துள்ளிச் சென்று விதையை மேலாகவே விட்டுச் செல்லும். ஈரம் மிஞ்சிய கரிசலில் கொழுவில் மண் அப்பிக் குழாய்வாய் அடைபடும். கொழு தரையில் இருக்கும்போது டிராக்டரைப் பின்னோக்கி ஓட்டினாலும் அவ்வாறே நேரும். அடைபட்டதை ஓட்டுபவர் அறியார். பயிர் முளைத்த பின்னரே வெற்றுச் சால் கண்ணில் படும். ஆகையால் பின்னால் ஓர் ஆள் நடந்து குழாய்களைக் கவனித்து வருதல் வேண்டும். சிறிய, கோணலான வயல்களில் திரும்பும் இடங்களே மிகுதியாகி, இதன் நன்மை பெரிதும் குறையும்.

விதையளவைத் திருத்திக்கொள்ளுதல்

இயந்திர விதைப்பானை வாங்கியபடியோ வாடகைக்கு வந்தபடியோ வயலில் இறக்குதல் கூடாது. நான்கு வரிசை, 45 சென்டிமீட்டர் இடைவெளி என்றால் கருவியின் அகலம் 1.8 மீட்டர். தரைச்சக்கரத்தின் குறுக்களவு 35 சென்டிமீட்டராயின் ஒரு சுற்றுக்கு 1.1 மீட்டர் செல்லும். 20½ சுற்றில் சுமார் 22½ மீட்டர் சென்று, ஏறக்குறைய ஒரு சென்ட் நிலத்தை விதைக்கும். ஏக்கருக்கு 6 கிலோ என்றால் ஒரு சென்டுக்கு 60 கிராம். குழாய்க்கு 15 கிராம்.

சக்கரம் தரையில் படாதவாறு கருவியை உயர்த்தி நிறுத்தி, பெட்டியில் பாதியளவு விதையிட்டு, ஒவ்வொரு குழாயிலும் ஒரு பை கட்டவும். சக்கரத்தில் அடையாளமிட்டு, நடைவேகத்தில் 20½ முறை சுற்றிப் பைகளைத் தனித்தனியே நிறுக்கவும். மொத்தம் 60 கிராமுக்கு மிகுந்தோ குறைந்தோ இருந்தால் அளவுக் கைப்பிடியை மாற்றி மீண்டும் சோதிக்கவும். ஒரு குழாய் மட்டும் வேறுபட்டால் அதன் உருளையையோ தட்டையோ பார்க்கவும். பின்னர் வயலில் 22½ மீட்டர் அளந்து ஓட்டிச் சக்கரச் சுற்றை எண்ண வேண்டும். புழுதியில் சக்கரம் வழுக்கி 19 சுற்றே சுற்றினால், விதை நூற்றுக்கு ஏழு பங்கு குறைந்து விழுகின்றது என்று அறிந்து, அதற்கேற்பக் கைப்பிடியைத் திருத்தலாம்.

நெல்லுக்கு

ராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிகளில் புழுதியில் விதைக்கும் நெல்லுக்கு மேற்சொன்ன விதைப்பான்களே பயன்படும். சேற்று வயலில் நேரடி விதைப்புக்கு, டிரம் சீடர் எனப்படும் துளையுள்ள உருளைகள் கொண்ட கைவிதைப்பான் உள்ளது. எட்டு வரிசைக் கருவி 20 சென்டிமீட்டர் இடைவெளியில் விதைக்கும். ஓர் ஏக்கருக்கு இழுப்பவர் சுமார் இரண்டரைக் கிலோமீட்டர் சேற்றில் நடக்கவேண்டும். விதையை 24 மணி நேரம் ஊறவைத்து, மூட்டம் போட்டு, முளை வெண்புள்ளியாய்த் தலைகாட்டும்போதே இடுதல் வேண்டும். முளை நீண்டால் ஒன்றோடொன்று பின்னித் துளைகளை அடைக்கும். உருளையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பலாகாது. வயல் சமமாயிருப்பதும், தேங்கிய நீர் வடிந்திருப்பதும் இன்றியமையாதவை. விதைத்த உடன் பெருமழை பெய்தால் விதை அடித்துச் செல்லப்படும் என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும்.

முடிவுரை

சுருங்கச் சொன்னால், ஓரிரண்டு ஏக்கரும் சொந்த எருதுகளும் உடையவர்க்குக் குழாய் கட்டிய கலப்பையே போதும். எருதுகளோடு நான்கைந்து ஏக்கரும், கைதேர்ந்த ஆளும் உடையவர்க்குக் கொர்ரு சிறந்தது. அதற்கு மேற்பட்ட, சமமான, கட்டியற்ற நிலத்திற்கு டிராக்டர் விதைப்பான் ஏற்றது. ஆண்டில் சில நாட்களே வேலையுள்ள அக்கருவியைத் தனியே வாங்குவதினும் பலர் கூடி வாங்குதல் அல்லது வாடகைக்கு எடுத்தல் நலம். வேளாண்மைப் பொறியியல் துறையும் டிராக்டர்களையும் கருவிகளையும் வாடகைக்கு அளித்து வருகின்றது.

வாடகைக் கருவியில் உள்ள சங்கடம், மழை பெய்த மறுநாள் எல்லோரும் ஒருசேர அதைக் கேட்பதே. இங்குக் கிராம அலுவலர்களின் உதவி பெரிதும் வேண்டப்படுகின்றது. விதைப்பான் தேவைப்படுவோரின் பெயரையும் ஏக்கரையும் மண்வகையையும் பருவத்திற்கு ஒரு மாதம் முன்னரே குறித்துக்கொண்டு, விரைவில் காயும் செவ்வல் நிலங்களை முதலிலும், ஈரம் நின்று பின்னர் பதத்திற்கு வரும் கரிசலை அடுத்தும் முறைப்படுத்தினால், ஒரே கருவி இரு மடங்கு நிலத்திற்கு உதவும். பயிர் முளைத்த பத்தாம் நாள், வரிசையில் 3 மீட்டர் கயிறு பிடித்துச் செடிகளை எண்ணிப் பார்க்கலாம். சோளமாயின், கலைத்த பின் 20 செடிகள் நிற்கவேண்டும். அந்த எண்ணிக்கைக்கே செடிகள் போதாத இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டால், அடுத்த பருவத்தில் திருத்தவேண்டியது விதையளவா, ஆழமா, கருவியா என்பது தெளிவாகும்.