வோட்டுக்கு மறைப்பு வேண்டும்

வேடசந்தூரைச் சுற்றியுள்ள நூற்பாலைகளில் நம் ஜில்லாவாசிகளோடு பீஹார், ஒடிஸா முதலிய தூரப் பிரதேசங்களிலிருந்து வந்தவர்களும் உழைக்கிறார்கள். இத்தாலுகாவிலிருந்து பிழைப்பை நாடித் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் சென்றவர்களும் உண்டு. தேர்தல் வந்தால் இவ்விரு சாராருக்கும் ஒரே சங்கடந்தான். ஊருக்குப் போனால் போக வர ஆகும் நாட்களின் கூலி போகிறது. போகாவிட்டால் வோட்டுப் போகிறது.

இக்குறையைத் தீர்க்க 'பிளாக்செயின்' என்னும் கணக்கு முறை சிபாரிசு செய்யப்படுகிறது. 2020-ல் தேர்தல் கமிஷன் சென்னை ஐ.ஐ.டி.யுடன் சேர்ந்து இதை ஆராய முற்பட்டது. 2021 அக்டோபரில் தெலங்கானாவிலுள்ள கம்மத்தில் கைபேசி வோட்டுக்கு ஒத்திகை நடந்தது. 2025 ஜூனில் பீஹார் நகரசபைத் தேர்தல்களில் கைபேசி மூலம் மெய்யாகவே வோட்டுகள் பதிவாயின. ஆகவே, இது பொதுஜனங்கள் இப்பொழுதே சிந்திக்க வேண்டிய விஷயம்.

முறை யாது? முன்னாளில் கிராமக் கணக்கு கர்ணம் ஒருவர் கையில் இருந்தது. அவர் ஓர் எழுத்தை மாற்றினால் வயலுக்குடையவரே மாறக்கூடும். அக்கணக்கின் படி நூறு வீடுகளில் இருந்து, ஒவ்வொரு பக்கத்திலும் முந்திய பக்கத்தின் முத்திரை பதிந்திருந்தால் என்னாகும்? ஒரு பக்கத்தைத் திருத்தினாலும் பின்வரும் முத்திரைகள் பொருந்தா. மற்றவர்களிடமுள்ள படிகள் பொய்யைக் காட்டிக் கொடுக்கும். எழுதியதை ஒருவரும் அறியாமல் திருத்த முடியாது என்பதே பிளாக்செயினின் பெருமை. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால், படிகள் யாவும் ஒரே இலாகாவின் வசமிருந்தால் அப்பெருமையும் இல்லை.

மேலும், பத்திரம் ரிஜிஸ்தர் ஆயிற்று என்பது வேறு. கையெழுத்திட்டவர் மனமொப்பி இட்டார் என்பது வேறு. மிரட்டி வாங்கிய பத்திரத்தையும் ரிஜிஸ்தர் புஸ்தகம் பத்திரமாகவே காப்பாற்றும். வோட்டர் தொட்ட சின்னம் ஒன்று, கைபேசிக்குள் புகுந்த கள்ள நிரல் அனுப்பிய சின்னம் வேறொன்று என்றால், அழியாத பேரேட்டில் ஏறுவது அந்தப் பொய்யேயாகும். அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா 2018-ல் கையாண்ட 'வோட்ஸ்' செயலியில், வோட்டை மாற்றுவதற்கு இடந்தரும் ஓட்டைகள் உண்டென 2020-ல் எம்.ஐ.டி. ஆராய்ச்சியாளர் காட்டினர். 2019 மாஸ்கோ தேர்தலுக்கென அமைத்த ரகசியப் பூட்டைச் சாதாரணக் கணினியால் சுமார் 20 நிமிஷத்தில் உடைக்கலாமென, தேர்தலுக்கு முன்பே பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் பியரிக் கோட்ரி நிரூபித்தார்.

இதனினும் பெரிய அபாயம் நம் அருகிலேயே இருக்கிறது. வேடசந்தூரும் அரவக்குறிச்சியும் ஒரே கரூர் பார்லிமெண்டுத் தொகுதியைச் சேர்ந்தவை. 2016 மே மாதத்தில் பணப் பட்டுவாடா காரணமாக அரவக்குறிச்சித் தேர்தல் நிறுத்தப்பட்டு, நவம்பரில் நடந்ததை வாசகர்கள் மறந்திரார்கள். ஆயினும், பணம் வாங்கியவரும் சாவடி மறைப்புக்குள் சுதந்திர மனிதரே. அவர் யாருக்கு வோட்டளித்தார் என்பதற்குப் பணம் கொடுத்தவரிடம் அத்தாட்சி இல்லை. கைபேசி வோட்டில் அந்த மறைப்பு ஏது? தரகர் திண்ணையில் அமர்ந்து பார்க்கலாம். தொழிலாளர் விடுதியில் மேஸ்திரி வரிசையில் நிறுத்தித் தொடச் சொல்லலாம். 2005 முதல் இணைய வோட்டை நடத்திவரும் எஸ்டோனியாவில், அளித்த வோட்டை மாற்றி அளிக்கலாம். கடைசி வோட்டே செல்லும். நல்ல பரிகாரந்தான். ஆனால், கைபேசியையே பிடுங்கி வைத்துக்கொள்ளப்பட்ட பெண் தொழிலாளிக்கு அதனால் என்ன பிரயோஜனம்?

உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலை வோட்டு அன்று, திருவுளச் சீட்டே. எனினும், மோசடியைத் தடுக்கும் மார்க்கத்தை அவை போதிக்கின்றன. குடத்தைச் சபையோர் யாவரும் காண உயர்த்த வேண்டும். உள்ளிருப்பதை அறியாத சிறுவன் ஓலையை எடுக்க வேண்டும். பெறுபவர் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். ஓலையை மாற்றுவதற்கு விரலிடுக்கில்கூட இடமில்லை! நிபுணரல்லாத பிரஜையும் சோதித்தறியக் கூடியதாகத் தேர்தல் இருக்க வேண்டுமென 2009-ல் ஜெர்மானிய அரசியல் சாஸன நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் இதே தர்மத்தை ஒட்டியதாகும்.

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. வெளியூர்த் தொழிலாளிக்கு அவர் வேலை செய்யுமிடத்தின் அருகே சாவடி அமையட்டும். ஒரே யந்திரத்தில் 72 தொகுதிகளின் வோட்டைப் பதியலாமென்று 2022 டிசம்பரில் கமிஷனே அறிவித்ததன்றோ? பல கட்சிகள் எழுப்பிய ஆட்சேபங்களுக்குச் சமாதானம் கூறி, அவ்வழியைச் செப்பனிடலாம். இரண்டாவது, வோட்டர் கண்ணால் கண்ட காகிதச் சீட்டு இருக்க வேண்டும். சந்தேகம் எழுந்தால் அதுவே எண்ணப்பட வேண்டும். மூன்றாவது, பேரேடு வைப்பதாயின் அதன் படி எல்லாக் கட்சியாரிடமும் இருக்கட்டும், நிரலும் பகிரங்கமாகட்டும்.

எண்ணுவது வெளிச்சத்தில் நடக்க வேண்டும். அளிப்பது மறைவில் நடக்க வேண்டும். இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும், நூற்பாலைத் தொழிலாளிக்கு நாம் அளிப்பது வோட்டுரிமையன்று. அவர் பெயரால் பிறர் போடும் வோட்டேயாகும்.