'ஃபீஸே இல்லை'ன்னு சொல்றாங்களே... அப்புறம் 12 லட்சம் எதுக்கு? ஜெர்மனி மாஸ்டர்ஸ் கணக்கு இதுதான்!

"ஜெர்மனியில மாஸ்டர்ஸ் ஃப்ரீ!" இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கும் பிள்ளை உள்ள வீடுகளில் இந்தப் பேச்சு இப்போது சகஜம். அமெரிக்காவில் விசா கெடுபிடி, கனடாவில் கட்டுப்பாடு என்று ஆனபிறகு பலரின் பார்வை ஜெர்மனி பக்கம் திரும்பியிருக்கிறது. 2024-25 குளிர்கால செமஸ்டரில் அங்கு படித்த இந்திய மாணவர்களின் எண்ணிக்கை 60 ஆயிரத்தை நெருங்கியது. வெளிநாட்டு மாணவர்களில் சீனர்களைத் தாண்டி இந்தியர்கள்தான் முதலிடம்.

சரி, ஃப்ரீ என்பது நிஜமா?

நிஜம்தான். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் டியூஷன் ஃபீஸ் கிடையாது. செமஸ்டருக்கு 100 முதல் 400 யூரோ வரை ஒரு கட்டணம் இருக்கும், அவ்வளவுதான். பல இடங்களில் பஸ், ரயில் பாஸும் அதிலேயே அடங்கிவிடும்.

ஆனால் எல்லா இடத்திலும் அப்படி இல்லை. ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூஹே, ஹைடல்பெர்க் போன்ற ஊர்கள் இருக்கும் பாடன்-வுர்ட்டெம்பர்க் மாநிலம், ஐரோப்பிய யூனியனுக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. ரேங்க் பட்டியலைப் பார்த்து நம்மூர் மாணவர்கள் ஆசைப்படும் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024-25 முதல் ஃபீஸ் வாங்க ஆரம்பித்துவிட்டது. மாஸ்டர்ஸுக்கு அங்கே செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை. தனியார் பல்கலைக்கழகங்கள் தனிக்கதை. ஏஜென்ட் "சீட் கன்ஃபார்ம், மார்க்கெல்லாம் பிரச்சினையே இல்லை" என்று சொன்னால், அது அரசுப் பல்கலைக்கழகமா, வகுப்பு நேரில் நடக்கிறதா என்ற இரண்டு கேள்வியை முதலில் கேட்டுவிட வேண்டும். பாதி ஆன்லைனில் நடக்கும் படிப்பில் சேர்ந்து, அங்கு போனபிறகு தங்கும் அனுமதி கிடைக்காமல் தவித்த இந்திய மாணவர்கள் பெர்லினில் உண்டு.

அப்போ அந்த 12 லட்சம்?

அதுதான் 'பிளாக்ட் அக்கவுண்ட்'. ஜெர்மன் மொழியில் ஷ்பெர்கொண்டோ. ஒரு வருடம் சாப்பிட, தங்க மாணவரிடம் பணம் இருக்கிறது என்பதற்கான அத்தாட்சி இது. 2024 செப்டம்பரிலிருந்து இதற்கான தொகை 11,904 யூரோ. ஒரு யூரோ நூறு ரூபாய் என்று குறைத்து வைத்தாலே கிட்டத்தட்ட 12 லட்சம். விசாவுக்கு அப்ளை செய்யும் முன்பே மொத்தமாகப் போட்டாக வேண்டும்.

இது யாருக்கும் கட்டும் கட்டணம் இல்லை, மாணவரின் சொந்தப் பணம். அங்கு போனபின் மாதம் 992 யூரோ வீதம் திரும்ப வரும். ஆனால் வீட்டுப் பத்திரத்தை வைத்து, வட்டிக்குக் கடன் வாங்கித்தான் பல குடும்பங்கள் இதைப் போடுகின்றன. வட்டி ஓடிக்கொண்டிருக்கும், பணமோ மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கைக்கு வரும். கடன் வாங்கும்போதே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காதவர்கள்தான் பிறகு திணறுகிறார்கள்.

992 யூரோ போதுமா? 30 வயதுக்குள் இருக்கும் மாணவருக்கு ஹெல்த் இன்சூரன்ஸ் மட்டும் மாதம் சுமார் 145 யூரோ. அது கட்டாயம். வாடகை 450 என்று வைத்தால் மீதி 397. அதில்தான் சாப்பாடு, போன், துணிமணி எல்லாம். டிவியே இல்லாவிட்டாலும் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ ஒளிபரப்புக் கட்டணம் வேறு! கெம்னிட்ஸ், மாக்டெபுர்க் மாதிரி ஊர்களில் சமாளிக்கலாம். மியூனிக்கில் இந்தத் தொகையை நம்பி இறங்கினால் கஷ்டம்தான்.

பார்ட் டைம் வேலைக்கு அனுமதி உண்டு. 2024 மார்ச் முதல் வருடத்துக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் வேலை செய்யலாம். ஆனால் வேலை கையில் கிடைக்க ஜெர்மன் மொழி வேண்டும். "கோர்ஸ் இங்கிலீஷ்லதானே" என்று மொழியைத் தொடாமல் போகிறவர்கள் கிடங்கிலும் சமையலறையிலும்தான் வேலை தேட வேண்டியிருக்கிறது.

வீடு கிடைக்காவிட்டால் எல்லாமே நிற்கும்

அங்கு குடியேறியதும் இரண்டு வாரத்துக்குள் முகவரியை நகர அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். அதற்கு வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட கடிதம் தேவை. அந்தப் பதிவு இல்லாமல் பல இடங்களில் வங்கிக் கணக்கு திறப்பது இழுத்துக்கொண்டே போகும். வங்கிக் கணக்கு இல்லாவிட்டால் மாதம் 992 யூரோ வந்து சேராது. ஆக, 12 லட்சம் போட்ட மாணவர் முதல் மாதம் கையில் காசில்லாமல் நிற்கும் நிலைமை வரலாம். அட்வான்ஸ் வேறு மூன்று மாத வாடகை வரை கேட்பார்கள். பிளாக்ட் அக்கவுண்ட்டுக்கு வெளியே தனியாகக் கொஞ்சம் பணம் வைத்திருப்பது அவசியம் என்பது இதனால்தான்.

மாணவர் விடுதிகளுக்கு அட்மிஷன் கடிதம் வந்த அன்றே விண்ணப்பிப்பது நல்லது. பெரிய நகரங்களில் செமஸ்டர் கணக்கில் காத்திருக்க வேண்டும். "நான் வெளிநாட்டில் இருக்கேன், அட்வான்ஸ் அனுப்புங்க, சாவியை கூரியர்ல அனுப்பறேன்" என்று யாராவது மெயில் போட்டால் அது மோசடி, சந்தேகமே வேண்டாம்.

'அரியர்' அங்கே செல்லுபடியாகாது

இதைப் பல ஏஜென்ட்கள் சொல்வதே இல்லை. நம்மூரில் ஒரு பேப்பர் போனால் அரியர், அடுத்த முறை, அதற்கும் அடுத்த முறை என்று எழுதி க்ளியர் பண்ணிவிடலாம். ஜெர்மனியில் ஒரு தேர்வுக்குப் பெரும்பாலும் மூன்று வாய்ப்புதான், சில இடங்களில் இரண்டே. கட்டாயப் பாடத்தில் கடைசி வாய்ப்பிலும் தோற்றால் படிப்பிலிருந்து நீக்கம். அதோடு முடிந்ததா என்றால் இல்லை. அதே படிப்பில் ஜெர்மனியின் வேறு பல்கலைக்கழகத்திலும் பொதுவாகச் சேர முடியாது. படிப்பு போனால் தங்கும் அனுமதிக்கும் ஆபத்து, ஊரில் கடனோ அப்படியே நிற்கும். பார்ட் டைம் வேலையில் மூழ்கி முதல் செமஸ்டரைக் கோட்டை விடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

எப்போது தொடங்க வேண்டும்?

இந்தியாவில் டிகிரி முடித்தவர்கள் ஏபிஎஸ் சான்றிதழ் வாங்குவது 2022 நவம்பர் முதல் கட்டாயம். மார்க் ஷீட் உண்மையானதா என்று சரிபார்த்துத் தருவது இது. கட்டணம் 18,000 ரூபாய். இதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். குளிர்கால செமஸ்டருக்குப் பல கோர்ஸ்களின் கடைசித் தேதி ஜூலை 15, சிலவற்றில் அதற்கு வெகு முன்பே.

மார்க் கணக்கும் தலைகீழ். அங்கே 1.0 தான் உச்சம், 4.0 பாஸ். 10-க்கு 8 சிஜிபிஏ வாங்கியவருக்கு, பாஸ் மார்க் 5 என்றால், ஜெர்மன் மதிப்பெண் 2.2. பல கோர்ஸ்கள் கேட்பது 2.5 அல்லது அதைவிட நல்ல மதிப்பெண். அதாவது 7.5 சிஜிபிஏவாவது வேண்டும்.

விசா விஷயத்திலும் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. முன்பெல்லாம் விசா மறுக்கப்பட்டால் தூதரகத்திடமே மறுபரிசீலனை கேட்டு இலவசமாக மனு போடலாம். 2025 ஜூலை 1 முதல் அந்த வசதியை ஜெர்மனி நிறுத்திவிட்டது. இப்போது மறுத்தால் மறுபடியும் கட்டணம் கட்டிப் புதிதாக அப்ளை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பெர்லின் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். எந்த வழியில் போனாலும் அக்டோபர் வகுப்புக்குப் போய்ச் சேருவது சிரமம்.