கையால் செய்யும் கத்திகளுக்கான கார்பன் எஃகின் வெப்பப் பதனிடல்

வெப்பப் பதனிடல் என்பது எஃகைக் குறிப்பிட்ட வெப்பநிலைக்குச் சூடாக்கி, குறிப்பிட்ட வேகத்தில் குளிர்வித்து, அதன் உள்ளமைப்பை மாற்றும் முறையாகும். கத்தி கூர் மழுங்காமல் நிற்பதும், உடையாமல் இருப்பதும் இந்த வேலையைப் பொறுத்தவை. ஒரே பட்டையிலிருந்து ஒரே வடிவில் செய்த இரண்டு கத்திகளில் ஒன்று நெடுநாள் உழைக்கலாம். மற்றொன்று கீழே விழுந்ததும் உடையலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

எஃகின் தேர்வு

கத்திக்குப் பெரும்பாலும் 0.6 முதல் 1.0 விழுக்காடு வரை கார்பன் உள்ள எஃகு பயன்படுகிறது. அமெரிக்க வகைப்பாட்டில் 1084 எனப்படும் எஃகில் 0.80 முதல் 0.93 விழுக்காடும், 1095 எஃகில் 0.90 முதல் 1.03 விழுக்காடும் கார்பன் உண்டு. 1084-இல் மாங்கனீசு கூடுதலாக இருப்பதால் அது எண்ணெயில் எளிதாகக் கடினமாகிறது. 1095-க்கு மிக வேகமான குளிர்விப்பு தேவை. எனவே புதிதாகக் கத்தி செய்வோருக்கு 1084 ஏற்றது.

மென்னெஃகில் கார்பன் போதாது. எத்தனை முறை சூடாக்கித் தோய்த்தாலும் நல்ல கத்திக்குரிய கடினம் வராது. தமிழ்நாட்டுக் கொல்லுப் பட்டறைகளில் அரிவாள் அடிக்கப் பழைய லாரி ஸ்பிரிங் பட்டைகளை எடுப்பதற்குக் காரணம், அவற்றில் போதிய கார்பன் இருப்பதே. ஆனால் பழைய இரும்பின் கலவை சரியாகத் தெரியாது. அதில் ஒரு சிறு துண்டைத் தோய்த்து உடைத்துப் பார்த்த பிறகே கத்தி செய்யத் தொடங்க வேண்டும்.

எஃகினுள் நடக்கும் மாற்றம்

1084 போன்ற எஃகு சூடேறி 727 டிகிரி செல்சியசைத் தாண்டும்போது அதன் அணு அடுக்கு மாறி, ஆஸ்டெனைட் என்னும் நிலையை அடைகிறது. இந்நிலையில் கார்பன் இரும்பினுள் கரைகிறது. மெதுவாக ஆறவிட்டால் கார்பன் மீண்டும் பிரிந்து, பெர்லைட் என்னும் மென்மையான அமைப்பு உண்டாகும். விரைவாகக் குளிர்வித்தால் கார்பன் வெளியேற நேரமின்றிச் சிக்கிக்கொள்ளும். ஏறத்தாழ 200 டிகிரி அளவில் மார்டென்சைட் என்னும் மிகக் கடினமான அமைப்பு உருவாகத் தொடங்கும்.

செய்முறை

1. இயல்பாக்கல்: சம்மட்டியால் அடித்துச் செய்த கத்தியில் படிகமணிகள் பெருத்தும், உள்ளிறுக்கம் தேங்கியும் இருக்கும். அதை ஏறத்தாழ 870 டிகிரிக்குச் சூடாக்கிக் காற்றில் ஆறவிட வேண்டும். பின்னர் ஒவ்வொரு முறையும் சூட்டைச் சற்றுக் குறைத்து இரண்டு முறை இதைத் திரும்பச் செய்தால் மணிகள் நுண்மையாகும்.

2. சூடாக்கல்: 1084 எஃகை ஏறத்தாழ 815 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். எஃகு காந்தத்தில் ஒட்டாமல் போவது 770 டிகிரி அளவில்தான். ஆகவே காந்தம் ஒட்டாத நொடியிலேயே தோய்ப்பது தவறு. நிறம் இன்னும் சற்று ஏற வேண்டும். மாறாக, ஆரஞ்சு நிறம் மஞ்சளாகும் அளவுக்குச் சூடேற்றினால் மணிகள் பெருத்து, கத்தி கண்ணாடிபோல் உடையும். நிறத்தைச் சரியாகக் காண நிழலான இடத்தில் வேலை செய்வது நல்லது.

3. தோய்ச்சல்: 50 டிகிரி அளவில் வெதுவெதுப்பாக்கிய எண்ணெயில் கத்தியை முழுவதுமாக இறக்கி, வெட்டும் திசையில் முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். பக்கவாட்டில் அசைத்தால் கத்தி வளையும். தண்ணீர் மிக வேகமாகக் குளிர்விப்பதால் விரிசல் விழும் வாய்ப்பு அதிகம். வாய்ப்பகுதியை முன்கூட்டியே மெல்லியதாக்காமல் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் தடிமன் விட்டுவைப்பதும் இதற்காகவே. எண்ணெய் தீப்பற்றினால் இரும்பு மூடியால் மூட வேண்டும், தண்ணீர் ஊற்றக்கூடாது.

4. பதமாக்கல்: தோய்த்த கத்தி ராக்வெல் சி அளவில் ஏறத்தாழ 65 கடினம் கொண்டிருக்கும்; ஆனால் எளிதில் நொறுங்கும். அப்படியே விட்டுவைத்தால் தானாகவே விரிசல் விழக்கூடும். ஆகவே கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும், தாமதமின்றி 200 டிகிரி அடுப்பில் இரண்டு மணி நேரம் வைத்து எடுத்து, ஆறவிட்டு, மீண்டும் ஒரு முறை அவ்வாறே செய்ய வேண்டும். கடினம் 60 அளவுக்கு இறங்கி, உறுதி கூடும்.

பதத்தின் நிறம்

மினுக்கிய எஃகின் மேற்பரப்பில் ஏறத்தாழ 205 டிகிரியில் வெளிர் வைக்கோல் நிறமும், 255 டிகிரியில் பழுப்பும், 300 டிகிரி அளவில் நீலமும் தோன்றும். சமையல் கத்திக்கு வைக்கோல் நிறம் போதும். ஓங்கி வெட்டும் அரிவாளுக்கு அதைவிடக் கூடுதல் சூடு வேண்டும். இந்நிறம் மேற்பரப்பின் மெல்லிய ஆக்சைடு படலத்தால் வருவது. குறைந்த சூட்டிலும் நெடுநேரம் வைத்தால் நிறம் ஏறும். அதனால் நிறத்தை மட்டும் நம்பாமல் வெப்பமானியையும் வைத்துக்கொள்வது நல்லது.

சோதனை

தோய்த்ததும் அரத்தால் வாயைத் தேய்த்துப் பார்க்க வேண்டும். அரம் வழுக்கினால் எஃகு கடினமாகியிருக்கிறது. பிடித்தால் உடனே முடிவு கட்டக்கூடாது. உலைச்சூட்டில் கார்பனை இழந்த மெல்லிய மேல்தோல் மென்மையாக இருக்கக்கூடும். அதைத் தேய்த்து நீக்கிய பிறகும் அரம் பிடித்தால், இயல்பாக்கலிலிருந்து மீண்டும் செய்யலாம். ஆனால் தோய்க்கும்போது "டிங்" என்ற ஓசை கேட்டாலோ, மயிரிழை போன்ற கோடு தெரிந்தாலோ அது விரிசலாக இருக்கலாம். விரிசல் விழுந்த கத்தியை வெப்பத்தால் சரிசெய்ய முடியாது. எவ்வளவு உழைப்பு போயிருந்தாலும் அதைக் கழித்துவிட வேண்டும். இல்லையெனில் அது பயன்படுத்துபவரின் கையில் உடையும்.